கீழே பார்த்த அம்பு

என் வீட்டுக்காரரின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தெரிந்துவிடும். அவருடைய இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, பெரிய பொட்டு மாதிரி வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதன் அடியில் முடி போல மெல்லிய கம்பி ஒன்று தோலுக்குள் இறங்கியிருக்கும். அது சில நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்க்கரையை அளந்து அவர் சட்டைப் பையில் கிடக்கும் போனுக்குச் சொல்லும். அந்தப் போன் மகளுக்குச் சொல்லும், எனக்குச் சொல்லும், மதுரையில் இருக்கும் சர்க்கரை டாக்டருக்கும் சொல்லும். அவர் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் ஒரு அதிரசத்தை வாயில் போட்டால், கொஞ்ச நேரத்தில் மகள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா என்னத்தம்மா தின்னாரு?" என்று கேட்பாள்.

அவருக்கு அது கட்டோடு ஆகாது. "என் ரத்தம் என்ன ஊர்ப் பொதுக் கெணறா? ஆளாளுக்கு வந்து எட்டிப் பாக்குறீக" என்று சத்தம் போடுவார். ஆனாலும் கழற்றிப் போடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் காய் ஏலம் விடுகிற இடத்தில் உட்கார்ந்த வாக்கிலேயே சர்க்கரை இறங்கிச் சாய்ந்துவிட்டார். வேர்வை, நடுக்கம், கண் இருட்டல் எதுவும் முன்னால் வரவில்லை. பல வருஷமாக இன்சுலின் போடுகிற வயசாளிகளுக்கு உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை நிறுத்திவிடும் என்று டாக்டர் சொன்னார். இனிமேல் இந்த மனுஷனுக்கு உடம்பு சொல்லாது, மிஷின்தான் சொல்ல வேண்டும் என்று மகள் அதை வாங்கி வந்து மாட்டிவிட்டாள்.

எனக்கு அவள் கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான். போனைத் திறந்தால் ஒரு நம்பர் வரும். பக்கத்தில் ஒரு அம்பு இருக்கும். அம்பு படுத்திருந்தால் கவலை இல்லை. மேலே பார்த்தால் எதையோ தின்றிருக்கிறார். கீழே பார்த்தால் உடனே பேச வேண்டும். நான் அந்த அம்பைப் பார்த்துக்கொண்டேதான் அடுப்படியில் நின்றேன், பார்த்துக்கொண்டேதான் படுத்தேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் முகத்தைக்கூட நான் அத்தனை தரம் பார்த்திருக்க மாட்டேன்.

எங்கள் வீடு போடியில். தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவில். காய் எடுக்கிற மாதங்களில் இரண்டு பேரும் மேலேயே போய்த் தங்கிவிடுவோம். இந்த வருஷம் என் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிக்கொண்டது. மலைக் குளிர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நான் போடியில் இருந்தேன், அவர் மட்டும் மேலே இருந்தார். கூட இருந்தது ராசிங்காபுரத்துத் தம்பி ஒருவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஐம்பது வயசு ஆள். என் வீட்டுக்காரரை அண்ணே என்பார், என்னை மதினி என்பார். எங்கள் ஸ்டோரை அவர்தான் பார்த்துக்கொள்வார்.

ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை அனல் கொடுத்து உலர்த்தும் கட்டடம். உள்ளே ஒரு பெரிய அறை. சுவரோரமும் நடுவிலும் தட்டு தட்டாக வலைப் பலகைகள் அடுக்கியிருக்கும். வெளியில் அடுப்பு எரியும், சூடு குழாய் வழியாக உள்ளே போகும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் வெளுக்கும். இடையில் கதவைத் திறந்து திறந்து மூடினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயை ஏலத்தில் எவனும் சீந்த மாட்டான். அதனால் காயை ஏற்றி அனல் போட்ட பிறகு என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் அந்தக் கதவில் கை வைக்கக் கூடாது. அவர் மட்டும் இடையில் ஒரு தரம் உள்ளே போய், கதவைப் பின்னால் இழுத்து மூடிக்கொண்டு, காயைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்து, குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வருவார். தோட்டம் வாங்கிய நாளிலிருந்து இதுதான் சட்டம். மீறினவர்கள் வாங்கிய வசவு அந்த மலைக்கே தெரியும்.

இந்த வருஷம் அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு பெட்டி மாட்டினார்கள். உள்ளே இருக்கிற சூட்டை வெளியிலேயே காட்டும், அளவு தாண்டினால் கத்தும். ஆக, ஒரே வருஷத்தில் காய்க்கு ஒரு மிஷின், மனுஷனுக்கு ஒரு மிஷின் என்று இரண்டு வந்து சேர்ந்தன. நான் மேலே போகாததால் அந்தப் பெட்டியை நான் கண்ணால் பார்த்ததும் இல்லை, அதன் சத்தத்தைக் கேட்டதும் இல்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மலையில் மழை. மத்தியானம் அவர் போனில் 'ஊசி போட்டாச்சு' என்று குறித்தது எனக்கும் வந்தது. சரி, சோற்றில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு நானும் சாப்பிட்டுவிட்டு, காலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்தேன். வெந்நீர் கொதிக்கிற நேரத்தில் என் போன் 'கீ... கீ... கீ...' என்று கத்தியது. பல்லைக் கூச வைக்கிற சத்தம். தொட்டு அமர்த்தினேன். நம்பர் அறுபத்தெட்டு. அம்பு நேராகக் கீழே பார்த்தது.

சோறு சாப்பிட்டிருந்தால் நம்பர் ஏற வேண்டும். எதற்கு இறங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. "எங்கதான் போய்த் தொலைஞ்சீக" என்று வாய்விட்டே கத்தினேன். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

மகளிடமிருந்து போன் வந்தது.

"ம்மா, அப்பாக்கு எறங்குது. பாத்தியா?"

"பாத்துக்கிட்டுதான்டி இருக்கேன். எடுக்க மாட்டேங்குறாரு."

"ஊசி போட்டுட்டுச் சாப்பிடலையோ?"

அவள் அதைச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. மழை வலுத்தால் பறிக்கிறவர்களை நேரத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதுவரை பறித்த காய் ஜீப்பில் வந்து இறங்கிவிடும். நனைந்த காயை மூட்டையில் வைக்க முடியாது, உடனே தட்டில் ஏற்றி அனல் போட வேண்டும். லோடு வந்து நின்றால் அந்த மனுஷன் சோற்றை ஏறிட்டுப் பார்க்க மாட்டார். ஊசி குத்திக்கொண்ட நேரம் பார்த்து ஜீப்பு வந்து நின்றிருக்கும். "சோறு எங்க ஓடிப்போகுது" என்று எழுந்து போயிருப்பார். எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரித் தெரிந்தது.

நம்பர் ஐம்பத்தொன்பது ஆனது. நான் விடாமல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் தம்பியையும் கூப்பிட்டேன். அவர் போனுக்கு மலையில் சிக்னல் கிடையாது. ஸ்டோருக்கு மட்டும் நெட்டு இழுத்து வைத்திருக்கிறோம், அதன் பக்கத்தில் நின்றால்தான் வாட்சப்பில் பேச முடியும். நாலாவதோ ஐந்தாவதோ தரம் கிடைத்தார். மூச்சு வாங்கப் பேசினார்.

"மதினி, அப்பறமாப் பேசுங்க. இங்க ஸ்டோர்ல பொட்டி கத்துது. சூடு ஏறிருச்சு போல. அடுப்புல இருந்து வெறக வெளிய இழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"அண்ணன் எங்க தம்பி?"

"இப்பத்தான் காயெல்லாம் ஏத்தி அனல் போட்டோம். நான் வெறகு நனையுதுன்னு தார்ப்பாய் மூடப் போனேன். அண்ணே சோறு திங்கப் போயிருப்பாக. ஒண்ணும் கொழப்பமில்ல." மலையில் கிடந்து கிடந்து அவர் பேச்சில் பாதி மலையாளம்.

"அவருக்குச் சர்க்கரை எறங்குது தம்பி. போன எடுக்கல. வெரசா வீட்டுக்குப் போயிப் பாரு."

"காயி கருகிரும் மதினி, இந்தா ஒரு நிமிசம்..."

"காயி கரியாப் போகட்டும்! போ!"

ஓடினார். ஸ்டோரை விட்டு விலகியதும் பேச்சு அறுந்துவிட்டது. தங்கும் வீடு ஸ்டோருக்குக் கீழே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மழையில் வழுக்குகிற படி. அவர் போய் வருகிற நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. மகள் இன்னொரு பக்கம் 108-ஐக் கூப்பிட்டுக் கேட்டாள். வண்டி மலை ஏறிப் போய் இறங்குவதைவிட, தோட்டத்து ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தால் வழியில் வாங்கிக்கொள்கிறோம், முந்தலில் வந்து நிற்கிறோம் என்றார்களாம். முந்தல் என்பது போடிப் பக்கத்து மலையடிவாரம். இறக்குவதற்கு முதலில் ஆள் கிடைக்க வேண்டுமே!

தம்பி திரும்ப ஸ்டோருக்கு வந்து கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

"வீட்டுல ஆளு இல்ல மதினி. வட்டல்ல போட்டு மூடி வச்ச சோறு மூடின மேனிக்கு இருக்கு."

நம்பர் ஐம்பத்தொன்று. அம்பு இன்னும் கீழேதான். இந்த மழையில் எந்தப் பள்ளத்தில், எந்தச் செடி மறைவில் விழுந்து கிடக்கிறாரோ என்று நினைத்தேன். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதற்குள் ஒருவர் விழுந்தால் இரண்டடி தள்ளிப் போகிறவனுக்குத் தெரியாது.

மகளையும் அந்தப் பேச்சில் சேர்த்திருந்தேன். அவள்தான் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"ம்மா, நம்பர் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. அப்படின்னா அப்பாவும் போனும் ஒண்ணாத்தான் இருக்கணும். அந்த வில்லை ரொம்ப தூரம் பேசாது. போனுக்கு நெட்டும் கெடைக்குது."

"நெட்டு எங்கடி இருக்கு அங்க?"

"ஸ்டோர்லயும் அதைச் சுத்தியும்தான்."

தம்பி அவளிடம், "இங்க யாருமில்லையே ஆத்தா, நான்தான நிக்கிறேன்" என்றார். அவர் பேசி நிறுத்தியபோது அந்த இடைவெளியில் போன் வழியாக எனக்கு ஒரு சத்தம் கேட்டது. 'கீ... கீ... கீ...'. பல்லைக் கூச வைக்கிற அதே சத்தம். சற்று முன்னால் என் கையிலிருந்து வந்த சத்தம்.

"தம்பி, அந்தப் பொட்டியில சூடு எவ்வளவுன்னு காட்டுது?"

"அதுதான் மதினி எனக்கும் வெளங்கல. சூடு சரியாத்தான் இருக்கு. இன்னும் சொல்லப்போனா எறங்கிருச்சு. வெறகப் பூராம் இழுத்துட்டேன், பொட்டி மட்டும் நிறுத்த மாட்டேங்குது."

"பொட்டிகிட்டப் போயிக் காத வையி. பொட்டியா கத்துது?"

அவர் பெட்டிப் பக்கம் போகிற காலடிச் சத்தம் கேட்டது.

"இல்ல மதினி. கதவுக்கு உள்ள இருந்து வருது."

"தொற தம்பி!"

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர் உடனே திறக்கவில்லை. "அண்ணே சொல்லாம எப்பிடி மதினி... காயி நெறம் போயிருச்சுன்னா..." என்று இழுத்தார். இத்தனை வருஷமாக அந்தக் கதவில் கை வைக்காதே, வைக்காதே என்று வசவு வாங்கிய கை அது. அந்தக் கை தானாக நீளவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள்.

"உங்க அண்ணனே உள்ளதான்டா கெடக்காரு!"

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. 'கீ... கீ...' சத்தம் சட்டென்று பெரிதானது. அப்புறம் தம்பி, "அண்ணே! ஏ அண்ணே!" என்று அலறினார். போனைக் கீழே போட்டுவிட்டார் போல. காலடிச் சத்தம், எதையோ தரதரவென்று இழுக்கிற சத்தம், பலகை சரிகிற சத்தம், வேலைக்காரப் பெண்கள் ஓடிவருகிற சத்தம். ஒன்றும் புரியாமல் நான் இங்கே நின்றுகொண்டு, "மூச்சு இருக்கா? ஏ தம்பி, மூச்சு இருக்கா சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வேறு எதுவும் கிடையாது.

"இருக்கு மதினி. மூச்சு இருக்கு. கண்ணு மேல சொருகிருச்சு. உடம்பு நெருப்பாக் கொதிக்குது, தொப்பலா நனைஞ்சிருக்காரு."

காயைத் தேய்த்துப் பார்க்க உள்ளே போனவர், கதவை இழுத்து மூடிக்கொண்டு, அங்கேயே தலை சுற்றிப் பலகைகளுக்கு நடுவில் சரிந்திருக்கிறார். அந்த அனலில். சட்டைப் பைக்குள் போன் அத்தனை நேரமும் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்குள் மகள் மதுரை டாக்டரின் ஆஸ்பத்திரி நர்சை எப்படியோ பிடித்து எங்கள் பேச்சுக்குள் கொண்டுவந்துவிட்டாள். அந்தப் பெண்ணின் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், தேன் இருந்தால் விரலில் தொட்டுக் கன்னத்துக்கு உட்பக்கம் தேயுங்கள், நிறுத்தாமல் தேயுங்கள் என்றாள். மலையில் தேனுக்கா பஞ்சம்? ஒரு பெண் ஓடிப் போய் எடுத்து வந்தாள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தார்கள். தம்பி தேய்த்துக்கொண்டே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நம்பரே இல்லை. 'குறைவு' என்று மட்டும் சிவப்பில் எழுதியிருந்தது.

"ஏம்மா, தேன் தடவியும் ஏற மாட்டேங்குதே" என்று நர்சிடம் கேட்டேன்.

"அது லேட்டாத்தாம்மா காட்டும். சூட்டுல வேற இருந்திருக்காரு, சரியாவும் காட்டாது. நீங்க போன் பாக்காதீங்க. அங்க இருக்கவங்கள ஆளப் பாக்கச் சொல்லுங்க. முழுங்குறாரா?"

"முழுங்குறாரு! தொண்டை அசையுது!" என்று தம்பி கத்தினார். அப்போதுதான் நான் போய் அடுப்பை அணைத்தேன். வெந்நீர் வற்றிப் பாத்திரம் கருகியிருந்தது.

வேலையாட்களைத் திரும்ப இறக்குவதற்காக நின்ற ஜீப்பில் அவரைக் கிடத்திக்கொண்டு கிளம்பினார்கள். தலையைத் தம்பி மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது கண்ணைத் திறந்து திறந்து மூடினார், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். பிறகு தொடர்பு போய்விட்டது. அந்த மலை ரோட்டில் பாதி தூரத்துக்கு சிக்னல் கிடையாது. என் போனில் சிவப்பும் இல்லை, அம்பும் இல்லை. 'தகவல் வரவில்லை' என்று வந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் பிடித்துக் கொடுத்த ஆட்டோவில் முந்தலுக்குப் போனேன். ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. டீக்கடைச் சாய்ப்பில் நின்றேன். கடைக்காரர் உட்காருங்கம்மா என்று ஸ்டூல் போட்டார், உட்கார முடியவில்லை. மேலே மலை முழுக்க மஞ்சு மூடிக் கிடந்தது. ஏதாவது வளைவில் விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். பார்த்தால் கேரளத்திலிருந்து வருகிற லாரியாக இருக்கும். மனசு கண்டதையும் நினைத்தது. ஒரு காலத்தில் இந்த எழவெல்லாம் இல்லாமல்தானே இருந்தோம், மனுஷன் மேலே போனால் வந்தால்தான் சேதி, அதுவரை நிம்மதியாகத் தூங்கினோமே என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, இது இல்லாவிட்டால் பொழுது சாயக் கதவைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஜீப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் என் கையிலிருந்த போன் ஒரு தரம் அதிர்ந்தது. எண்பத்திரண்டு. அம்பு மேலே பார்த்தது.

ஆளுக்கு முன்னால் நம்பர் மலை இறங்கி வந்துவிட்டது. டீக்கடைக்காரரிடம் போனைக் காட்டி, "ஏறுதுண்ணே, ஏறுது!" என்று அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதும்மா, நல்லதும்மா என்று தலையாட்டினார்.

ஜீப்பிலிருந்து ஆம்புலன்சுக்கு மாற்றும்போது அவருக்கு நினைவு தெளிந்திருந்தது. சாக்கும் கம்பளியுமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்வார், அல்லது கையையாவது நீட்டுவார் என்று நினைத்தேன்.

"கதவ யாரு தொறந்தது?" என்றார். "அவ்வளவு காயும் நெறம் போயிருக்குமே."

அந்த இடத்திலேயே அவரை நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஊசி போட வந்த பையன் சிரித்துவிட்டான். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் தொறக்கச் சொன்னேன். என்ன செய்வீக?" என்றேன்.

போடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பெட்டிதான் கத்துகிறது என்று நினைத்து அந்தத் தம்பி விறகை இழுத்தாரே, அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, சூடு குறைந்திருக்கிறது என்றார். இரண்டு நாள் படுக்கையில் இருக்கட்டும், அதற்குப் பிறகு மூளைக்கு ஒன்றும் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம் என்றார். மகள் பஸ்சில் ஏறிவிட்டதாகச் சொன்னாள்.

நர்சு அவருடைய ஈரச் சட்டையையும் போனையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். மகளிடம் பேசலாம் என்று அவர் போனைத் திறந்தேன். நான் கூப்பிட்டு அவர் எடுக்காதவை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் என் பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குறுக்கே கோடு போட்ட மணிப் படம். அந்தப் படம் எனக்குத் தெரியும். சொந்தக்காரர்களின் கல்யாண குரூப்பு ஓயாமல் சத்தம் போடுகிறதென்று மகள் எனக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்திருந்தாள். அவர் போனில் யார் கூப்பிட்டாலும் சத்தம் வரும். நான் கூப்பிட்டால் மட்டும் வராது.

நான் அத்தனை தரம் கூப்பிட்டேனே! ஒரு தரமாவது மணி அடித்திருந்தால், விறகை இழுத்துக்கொண்டிருந்த தம்பி இது அண்ணன் போனாச்சே என்று முதலிலேயே கதவைத் திறந்திருப்பாரே!

கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ப் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னது?"

பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நம்பரு கொஞ்சம் ஆடுனாலும் கூப்புடுற. இட்லி எத்தன தின்னீக, காப்பியில சீனி போட்டாளா, இப்ப எங்க நிக்கிறீகன்னு. ஆளுக முன்னால எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. அதான்."

"அப்ப அந்த மிஷினு? அது கத்துனா மட்டும் ஒரு மாதிரியா இல்லையோ?"

"அதையும் அமத்தத்தான் பாத்தேன்" என்றார். "அத ஒரேயடியா அமத்த முடியல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு நிற்காமல் அழுகை வந்தது. "அமத்த முடிஞ்சிருந்தா அமத்திருப்பீகல்ல? என்னைய அமத்துன மாதிரி?" என்றேன். "அமத்திருந்தா இன்னைக்கு நான் யாருகிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன்?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் ஊசி குத்தின கையை மெதுவாக நீட்டி என் கையிலிருந்து போனை வாங்கினார். அவர் மூக்குக் கண்ணாடி மலையிலேயே கிடந்தது. போனைத் தூரமாகப் பிடித்து, பக்கமாகப் பிடித்து, ஒற்றை விரலால் அங்கே தொட்டார், இங்கே தொட்டார். தெரியாமல் யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதறிக்கொண்டு நிறுத்தினார்.

"அந்தக் கோட்ட எப்பிடி எடுக்குறது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். இரண்டு தரம் தொட்டால் போதும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தேன். குளுக்கோஸ் பாட்டில் மாற்றுகிற வரைக்கும் அவர் தேடிக்கொண்டே இருந்தார். நான் சொல்லித் தரவில்லை.